விடிந்த பிறகு வந்த தோட்டா

நேற்றிரவு ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ மறுபடி பார்த்தேன். தூக்கமே வரவில்லை.

1968-இல் வெளிவந்த படம். பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் கைக்காசு போட்டு, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் முடித்தார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அதுவே குலைநடுங்க வைக்கிறது.

நாயகன் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். இரவெல்லாம் எழுந்து நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பியவரை, விடிந்ததும் காப்பாற்ற வந்த கூட்டமே சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் அதைத் திரையில் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இத்தனைக்கும், கிங் கொல்லப்படும் முன்பே எடுத்து முடித்த காட்சி அது.

தலைப்பை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அதனால் படம் பொதுச்சொத்தானது. யார் யாரோ பிரதி போட்டு விற்றார்கள். உழைத்தவர்களை நினைத்தால் வயிறெரிகிறது. ஆனால், அப்படிப் பரவியதால்தான் எனக்கும் கிடைத்தது.