தேரிக்காட்டோரம் தண்ணீர் கேட்காத தோட்டம்

தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர் வட்டாரத்தில் குதிரைமொழித் தேரி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல் மேடு. மணலின் மேல் இரும்புச் சத்து பூசிக்கொண்டதால் வந்த சிவப்பு இது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் மேடே இடம் மாறும். பனையும் உடைமரமும் கொல்லாமரமும்தான் இங்கே காலூன்றி நிற்கின்றன. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 650 மி.மீ. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்த மழையை மணல் உடனே குடித்துவிடும்.

இந்தத் தேரியை ஒட்டிய ஒரு சிற்றூரில், சித்திரை வெயிலிலும் பச்சையாக ஒரு வீட்டுத் தோட்டம். வேலியில் திருகுகள்ளி. அதன்மேல் பிரண்டை ஏறிக் கிடக்கிறது. துவைகல்லுக்குச் சற்றுத் தள்ளி, மேடான இடத்தில் சோற்றுக்கற்றாழை. உடைந்த பானைகளில் கற்பூரவள்ளியும் ரணகள்ளியும். சுவரோரம் மருள். வீட்டுக்கார ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். குடிதண்ணீரைக் குடம் கணக்கில் சுமந்த காலத்தில் இருந்தே இந்தச் செடிகள் இங்கே இருக்கின்றன. செடிக்கென்று ஒரு குடம் தண்ணீர் சுமந்ததில்லை என்கிறார் ஆச்சி.

திருகுகள்ளி ஆப்பிரிக்காவில் இருந்து வந்த செடி. ஆனாலும் நம் பக்கத்துப் பெயர்தான் உலகம் முழுவதும் அதற்கு நிலைத்தது. மலபார் பகுதியில் வழங்கிய பெயரை வைத்தே 1753ல் லின்னேயஸ் அதற்கு 'யூபோர்பியா திருக்கள்ளி' என்று அறிவியல் பெயர் சூட்டினார். ஆடு, மாடு வாய் வைக்காததால் வேலிக்கு ஏற்றது. ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெட்டும்போது கண்ணை மறைத்துக்கொள்ள வேண்டும். பட்டுவிட்டால் நிறைய நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தச் செடிகள் வறட்சியைத் தாங்குவதற்குக் காரணம் சதைப்பற்று மட்டும் அல்ல. பெரும்பாலான பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அந்தத் துளை வழியே ஈரமும் வெளியேறும். கற்றாழையும் கள்ளியும் ரணகள்ளியும் இரவில்தான் துளையைத் திறக்கும். எடுத்த வாயுவைப் புளிப்பு அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் துளையை மூடிக்கொண்டு வெயிலில் அதை உணவாக்கும். கம்பெனிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைச் சுவைத்துப் பார்த்தார். காலையில் புளிப்பு, நண்பகலில் சுவையில்லை, மாலையில் லேசான கசப்பு என்று எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1815ல் வெளியிட்டது. நாம் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. ரணகள்ளி கால்நடைகளுக்கு நஞ்சு என்பதால், பானையை ஆட்டுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

ஆச்சியின் பேரன் கோவையில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், நர்சரியில் இருந்து அழகான சதைப்பற்றுச் செடிகள் ஆறு வாங்கிவந்தான். தினமும் தண்ணீர் ஊற்றினான். இருபது நாளில் நான்கு செடிகள் அடியில் அழுகிப் படுத்துவிட்டன.

"தண்ணி ஊத்தியே கொன்னுட்டியேல!" என்றார் ஆச்சி.

"வெயிலு அடிக்குதே ஆச்சி, வாடிருமேன்னுதான் ஊத்துனேன்."

"அது தண்ணிய வயித்துல வச்சிருக்க செடி. மண்ணு காஞ்சாத்தான் அதுக்கு மூச்சு."

மிஞ்சிய இரண்டையும் ஆச்சி பிடுங்கினார். அழுகிய வேரை நறுக்கி எறிந்தார். வெட்டுவாய் காயும்வரை நாலைந்து நாள் நிழலில் கிடத்தினார். பிறகு, அடியில் ஓட்டை உள்ள மண்சட்டியில் இரண்டு பங்கு பெருமணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து நட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர். அதன் பிறகு, விரலை விட்டுப் பார்த்து மண் முழுதும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினார். இரண்டும் பிழைத்துக்கொண்டன. களிமண் பூமியில் இந்தச் செடிகளைத் தரையில் நடுவதானால், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு இவ்வளவு நல்ல செடி, வயலில் ஆச்சியின் மகனுக்கு வேறு பாடம் சொல்லித் தந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு ஒருவர் வந்தார். கற்றாழைக்குத் தண்ணீர் வேண்டாம், மருந்து வேண்டாம், இலையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார். கன்றையும் அவரே விற்றார். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் ஏக்கருக்கு 10,890 கன்றுகள். ஒரு கன்று 3 ரூபாய் என்றால்கூட 32,000 ரூபாயைத் தாண்டும். ஆச்சியின் மகன் மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு ஏக்கர் நட்டார்.

செடி ஏமாற்றவில்லை. எட்டு மாதத்தில் இலை வெட்டுக்கு வந்தது. முதல் வெட்டுக்கு லாரி வந்தது. இரண்டாம் வெட்டுக்கு வரவில்லை, கைப்பேசியும் அணைந்துவிட்டது. கற்றாழை இலையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தூரத்துக்கு ஏற்றினால் லாரி வாடகை விலையைத் தின்றுவிடும். வெட்டிய இலையை வைத்திருக்கவும் முடியாது, சில மணி நேரத்திலேயே சோற்றின் தரம் இறங்கத் தொடங்கும். நகை இரண்டு ஆண்டு அடகில் இருந்தது. ஏரோட்டி அழித்த பிறகும், உடைந்த வேரில் இருந்து கன்றுகள் முளைத்து வந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது வரப்போரம் இரண்டு வரிசை மட்டும் வைத்திருக்கிறார். சாத்தான்குளத்தில் நாட்டு மருந்துக் கடைக்கு வாரம் ஒரு சாக்கு இலை போகிறது. நடுவில் முருங்கை.

தண்ணீர் கேட்காத செடிதான், ஆனால் சந்தை கேட்கும் செடி. ஏக்கர் கணக்கில் நடும் முன் நான்கு விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்: கிலோ விலை எழுத்தில் இருக்கிறதா? வெட்டுக்கூலியும் வாடகையும் யார் பொறுப்பு? பதப்படுத்தும் ஆலை சில மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிறதா? ஆலையை நேரில் போய்ப் பார்த்தாயிற்றா? கன்று விற்பவரே இலை வாங்குபவராகவும் இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. அவருடைய லாபம் கன்று விற்றதிலேயே முடிந்திருக்கலாம்.

வீட்டுத் தேவைக்கு அந்தக் கவலை இல்லை. நாலு கற்றாழை, வேலியில் ஒரு பிரண்டை, ஒரு சட்டி கற்பூரவள்ளி போதும். கற்றாழை இலையை வெட்டியதும் நிறுத்திவைத்து மஞ்சள் பாலை வடித்துவிட வேண்டும். வயிற்றைக் கலக்குவது அந்தப் பால்தான். சோற்றை ஏழெட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. பிரண்டையை நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, புளி சேர்த்து வதக்கித் துவையல் அரைத்தால் நமைச்சல் இராது.

பேரன் ஊருக்குக் கிளம்பும்போது, தாய்ச்செடியில் இருந்து இரண்டு கற்றாழைக் கன்றுகளை ஆச்சி பெயர்த்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பேருந்து ஏறும்வரை ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "போன ஒடனே தண்ணி ஊத்திராதல."