ரெனே என்றொரு பெயர்

எனக்கு முன் பிறந்த தமையன் பெயர் சூட்டும் நாளுக்கு முன்பே, பிறந்த ஒன்பதாம் நாளில் மறைந்துவிட்டான். அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தாலும் வீட்டில் நான் ‘பிச்சை’தான். பிள்ளை தங்காத வீடுகளில் இவ்வாறு பெயரிடுவது நம்மவர் வழக்கம். ஆயின் என் பாட்டியோ, “போனவனே திரும்பி வந்திருக்கிறான்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். அச்சொல் என்னை உறுத்தும். நான் நானாகப் பிறக்கவில்லையோ, இன்னொருவனுடைய இடத்தை நிரப்பத்தான் வந்தேனோ என்ற ஐயம் இளமை முழுதும் என்னைத் தொடர்ந்தது.

பணியின் பொருட்டு வடபுலம் வந்த புதிதில் மாலை வகுப்பொன்றில் பிரெஞ்சு பயின்றேன். பாடத்தில் வந்த சிறுவன் பெயர் ரெனே. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டினார். ‘ரெ’ என்றால் மீண்டும். ‘நே’ என்றால் பிறந்தவன். பாட்டியின் குரல் கடல் கடந்து வந்து ஒலித்ததுபோல் திடுக்கிட்டேன்.

பின்னர் அப்பெயரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ‘ரெனாத்துஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே ரெனே ஆயிற்று. திருமுழுக்கை இரண்டாம் பிறப்பாகக் கருதிய தொடக்ககாலக் கிறித்தவர்கள் அதனை விரும்பிச் சூடினர். பெண்ணுக்கும் ஒலிப்பில் அதே பெயர்தான். எழுத்தில் மட்டும் இறுதியில் ஓர் எழுத்து மிகும். மறுமலர்ச்சியைக் குறிக்கும் ‘ரெனசான்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வேரில் கிளைத்ததே.

பிரான்சின் மேற்கே ஆஞ்சே என்னும் நகரில் ஒரு பழங்கதை வழங்குகிறது. ஆயர் மோரில் வழிபாட்டில் ஈடுபட்டிருந்தபோது, திருமுழுக்குப் பெறுமுன்னரே ஒரு குழந்தை இறந்தது. துயர் தாளாத ஆயர் நாட்டைவிட்டே அகன்றார். ஏழாண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து கல்லறையருகே வேண்ட, பிள்ளை உயிர்த்தெழுந்தது. ‘மீண்டும் பிறந்தவன்’ என்ற பெயரும் பெற்றது. வரலாற்றறிஞர் இதனை ஏற்பதில்லை. எனினும் அப்பகுதியில் இப்பெயர் வேரூன்றிவிட்டது. 1409-இல் ஆஞ்சே கோட்டையில் பிறந்த ஆஞ்சூ கோமகனும் ‘நல்லரசர் ரெனே’ என்றே புகழ்பெற்றார்.

மெய்யியலறிஞர் ரெனே தெக்கார்த் 1596-இல் பிறந்தார். மறு ஆண்டே தாயை இழந்தார். நோயாளிப் பிள்ளையான அவர் நெடுநாள் வாழமாட்டார் என்று மருத்துவர்கள் கருதினர். அவரோ வாழ்ந்து, 1641-இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலில், தாம் நம்பியவற்றையெல்லாம் ஐயத்திற்கு உட்படுத்தி அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கினார்.

இவற்றை எண்ண எண்ண எனக்கு ஒன்று புலனாயிற்று. திருமுழுக்குப் பெறுபவனாயினும், ஆஞ்சே நகரத்துக் குழந்தையாயினும், ரெனே என்பவன் பிறனொருவனுக்கு ஈடாக வந்தவன் அல்லன். தானே மீண்டும் பிறந்தவன். அப்படியாயின் அப்பெயர் எனக்குரியதன்று.

அவ்வாண்டு விடுப்பில் ஊருக்குச் சென்றபோது, நெடுநாள் நெஞ்சில் கிடந்த கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். “அவன்தான் நானா, அம்மா?”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவன் வேறடா, நீ வேறு. அவனைச் சாமி எடுத்துக்கொண்டது. உன்னைப் புதிதாகப் போட்டது. அதனால்தானே பிச்சை என்று கூப்பிட்டேன்?”

இத்தனை காலம் நான் நாணி மறைத்த பெயரிலேயே என் கேள்விக்கு விடை இருந்திருக்கிறது.

அம்மாவும் இன்றில்லை. பெயர் பெறாமலே போன தமையனை நினைக்கும்போது மட்டும், ஆஞ்சே நகரத்துக் குழந்தைக்குக் கிடைத்த அந்தப் பெயரால் மனத்துக்குள் அழைத்துக்கொள்கிறேன்.