மஞ்சள் இலை சொன்ன செய்தி

செடிகளுக்கு வாய் இல்லை. பசித்தாலும், தாகம் எடுத்தாலும், மூச்சுத் திணறினாலும் அவை நம்மை அழைப்பதில்லை. இலையின் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டுகின்றன. அந்த மொழியைப் படிக்கப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு ஓரளவு கற்றுக்கொண்டோம். அதைப் பள்ளி மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறோம்.

நம் பள்ளித் தாழ்வாரத்தில் உள்ள மணி பிளாண்ட் கொடிகளை அறியாதவர் இல்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள மூரேயா என்னும் சிறு தீவே இச்செடியின் தாயகம். ஆனால் நம் கொடிகளுக்குக் கடலூரிலேயே ஒரு வரலாறு உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மாவட்டமெங்கும் மரங்கள் சாய்ந்தன. அன்று நம் பள்ளியிலும் தொட்டிகள் எல்லாம் உடைந்தன. அருட்சகோதரி ஒருவர் சேற்றில் கிடந்த ஒரு சாண் கொடியை எடுத்துக் கழுவிப் பாட்டிலில் வைத்தார். இன்று தாழ்வாரத்தில் இருக்கும் 8 தொட்டிகளும் 3 பாட்டில்களும் அந்த ஒரு சாண் கொடியின் பிள்ளைகளே.

ஐப்பசி மாதம் அச்சகோதரி முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் புறப்பட்டார். "பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே" என்று செடிகளை எங்களிடம் ஒப்படைத்தார். இரண்டு வாரத்தில், அடைமழைக்கு நடுவே, இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். "தண்ணீர் போதவில்லை" என்றாள் ஒருத்தி. "யூரியா போடு" என்றாள் மற்றொருத்தி. "கண்ணேறு பட்டிருக்கும்" என்றார் ஆயாம்மா. நோயின் காரணத்தை அறிந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் கூறியிருப்பதைத் தமிழாசிரியை நினைவூட்டினார். செடிகள் எங்களுடையவை அல்லவே! ஆகவே காரணம் தெரியும் வரை எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயில்கிறார். விடுமுறைக்கு வந்தவரை அழைத்து வந்தோம். அவர் இலையைத் தொடுமுன் எங்களைக் கேள்வி கேட்டார். "மஞ்சளானது அடி இலையா, நுனி இலையா? இலை முழுவதும் மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா? மண் ஈரமா, காய்ந்ததா? இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தீர்களா?" நாங்கள் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். பூச்சி எதிலும் இல்லை. ஆனால் ஒரே நோய் என்று எண்ணியது மூன்று நோய்களாக இருந்தது!

முதலாவது, 5 தொட்டிகளில் அடி இலைகள் மஞ்சளாகித் துவண்டிருந்தன. மண் சொதசொதவென்று ஈரமாய், நாற்றம் வீசியது. கூரையிலிருந்து சொட்டிய மழைநீர் தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கியிருந்தது. ஒரு செடியை மெல்ல எடுத்துப் பார்த்தோம். நல்ல வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தது. அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தவுடன் தோல் உரிந்து வந்தது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்துதான் வேர் ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடத்தை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாட்டத்தைக் கண்டு நாம் மேலும் நீர் ஊற்றினால் செடி மாண்டே போகும்.

"பாட்டிலில் தண்ணீரிலேயே வளர்கிறதே, தொட்டியில் மட்டும் ஏன் அழுகுகிறது?" என்று கேட்டோம். நீரிலேயே தோன்றும் வேர்கள் அதற்கு ஏற்றவாறு அமைகின்றன. வாரந்தோறும் நீரை மாற்றும்போது அதில் கலந்துள்ள ஆக்சிஜனும் புதிதாகக் கிடைக்கிறது. தொட்டி மண்ணில் தேங்கிய நீரிலோ நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன என்று அக்கா விளக்கினார்.

இரண்டாவது, பாட்டில்களில் இருந்த கொடிகளில் அடி இலைகள் ஒரே சீராக வெளுத்திருந்தன. இது பசி. பச்சையம் உண்டாகத் தழைச்சத்து வேண்டும். வெறும் நீரில் அது போதிய அளவு கிடைக்காது. அப்போது செடி முதிய இலையிலிருந்து தழைச்சத்தை எடுத்து இளந்தளிருக்கு அனுப்புகிறது. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தான் பட்டினி கிடக்கும் தாயைப் போல!

மூன்றாவது, 2 தொட்டிகளில் நுனி இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. இது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு, முதிய இலையிலிருந்து தளிருக்கு எளிதில் நகராது. அத்தொட்டிகளின் விளிம்பில் வெண்மையான உப்புப் படிந்திருந்தது. ஆழ்குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் மண்ணில் சேரச் சேர, இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாமல் போகிறது.

எட்டாவது தொட்டியில் ஒரே ஓர் அடி இலைதான் பழுத்திருந்தது. அது முதுமை, நோயன்று.

மருத்துவம் தொடங்கினோம். 5 செடிகளின் அழுகிய வேர்களை வெட்டி, செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து மாற்றி நட்டோம். தட்டுகளை அகற்றினோம். பாட்டில் கொடிகளில் இரண்டைத் தொட்டிக்கு மாற்றினோம். அவை வேர் பிடித்தபின், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு நீரின் தெளிவில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினோம். உப்புப் படிந்த தொட்டிகளை மழைநீரால் நன்கு அலசி வடியவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி கரைத்து இலைகளில் தெளித்தோம். மணி பிளாண்டின் சாறு பட்டால் தோல் அரிக்கும். வாயில் பட்டால் எரியும். ஆகவே வெட்டிய பின் கைகளைக் கழுவினோம்.

தை மாதம் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குச் சுற்றுலா சென்றோம். உப்பு நீரும் சேறும் நிறைந்த அந்த இடத்தில் வெண்கண்டல் மரங்கள் பசுமையாக நிற்பது எப்படி? சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் போல மேலே நீட்டிக்கொண்டிருந்த சுவாச வேர்களைப் படகிலிருந்தே கண்டோம். மிகுந்த உப்பை அதன் இலைகள் வெளியேற்றிவிடும் என்றார் அறிவியல் ஆசிரியை. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் அங்கே உண்டு. அதன் இலைகள் உதிருமுன் சிவக்கும், அது இயல்பே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு என்பதால் நாங்கள் நெருங்கவில்லை. சேற்றில் மூச்சுவிடும் வழி வெண்கண்டலுக்கு உண்டு. நம் தொட்டிச் செடிக்கு இல்லை. அக்கா சொன்னதன் பொருள் அங்கேதான் முழுமையாக விளங்கியது.

மாசியில் சகோதரி கைத்தடியுடன் திரும்பினார். 5 செடிகளில் ஒன்று பிழைக்கவில்லை. அதன் நுனித் துண்டைப் பாட்டிலில் வைத்திருந்தோம். அவர் ஒவ்வொரு தொட்டியின் மண்ணிலும் விரலை விட்டுப் பார்த்தார். பாட்டிலில் விட்டிருந்த புது வேரைக் கண்டதும், "புயலுக்குப் பிறகு நானும் இப்படித்தான் தொடங்கினேன்" என்றார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுச் செடி மஞ்சளானால் உடனே தண்ணீர்க் குவளையைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள்; ஈரம் இருந்தால் காத்திருங்கள். எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று பாருங்கள். முழுதும் மஞ்சளான இலை மீண்டும் பச்சையாவதில்லை. அதனால் மருந்து பலித்ததா என்பதைப் பழைய இலையில் தேடாமல், அடுத்து வரும் தளிரில் பாருங்கள். வாய் பேசாத உயிரிடம் நாம் காட்டும் அன்பு, முதலில் அதை உற்றுப் பார்ப்பதுதான்.