படித்துக் காட்டிய பிறகே அச்சு

சத்தியவேடு கடைத்தெருவில் பெயர்ப்பலகைகள் தெலுங்கில் தொங்குகின்றன. பேரம் இரண்டு மொழியிலும் நடக்கிறது. 1960 ஏப்ரல் 1 வரை இது செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே ஒரு டி.டி.பி. கடையில், இலங்கை மலையகத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கை புத்தகமாகிக்கொண்டிருந்தது. மெய்ப்புப் பார்க்க என்னையும் அழைத்திருந்தார்கள்.

ஈழத்திலிருந்து அகதியாக வந்த தொ. பத்தினாதன் தன் கதையைத் தானே எழுதினார்; ‘போரின் மறுபக்கம்’ என்ற அந்தப் புத்தகத்தைக் காலச்சுவடு வெளியிட்டது. இந்தப் பெரியவருக்கு எழுத்து அவ்வளவு பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளியில் கொஞ்ச காலம் படித்ததோடு சரி. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அந்தக் கணக்கில் ஒருவராக, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். உறவுக்காரர் ஒருவரைப் பின்தொடர்ந்து சத்தியவேடு வந்து, சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்தினார்.

அவர் சொல்வதைப் பேத்தி நோட்டில் எழுதுகிறாள். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு. எனவே நோட்டு முழுக்கத் தெலுங்கு எழுத்தில் தமிழ். கடைக்காரப் பெண்மணிக்கு இரண்டு எழுத்தும் தெரியும். அவர் நோட்டைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்கிறார். பிறகு பெரியவரை உட்கார வைத்து வரிவரியாகப் படித்துக் காட்டுகிறார். இந்த வேலையில் நேரம் பிடிப்பது அந்தக் கடைசிப் படிதான்.

தெலுங்கில் ழகரம் கிடையாது, றகரம் வழக்கொழிந்துவிட்டது. நான் போயிருந்தபோது ஓடிய பக்கத்தில், “கணக்கப்பிள்ளை அறை போட்டாரு” என்று இருந்தது. பெரியவர் கையை ஆட்டினார்.

“அறையல புள்ள. அரை. கொழுந்து எடை கொறஞ்சா அன்னிக்கு அரை நாள் கூலிதான். அரைப்பேருன்னு சொல்லுவோம்.”

“அப்ப அவரு அடிக்கலையா தாத்தா?”

“அடிச்சா வலி அன்னிக்கோட போயிரும். இது சம்பளத்து அன்னிக்குத்தான் தெரியும்.”

அந்தப் பதிலும் புத்தகத்துக்குள் போனது. படித்துக் காட்டாமல் அச்சுக்குப் போயிருந்தால், ஒரு தோட்டத்தின் கூலிமுறை ஒரு மனிதரின் கைநீட்டலாகச் சுருங்கியிருக்கும்.

காம்பரா, இஸ்தோப்பு, பெரட்டு, கவ்வாத்து என்று அவர் பேச்சில் வரும் தோட்டத்துச் சொற்களை மாற்றலாமா என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார். வேண்டாம் என்றேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட குட்ஜோ லூயிஸை 1927இல் அலபாமாவில் சந்தித்து, அவர் கதையை அவர் பேசிய பேச்சிலேயே எழுதினார் சோரா நீல் ஹர்ஸ்டன். பேச்சைத் திருத்தித் தரச் சொன்ன பதிப்பகத்துக்கு அவர் இணங்கவில்லை. ‘பாரகூன்’ என்ற அந்தப் புத்தகம் வெளிவந்தது 2018இல்தான். கொடுத்த விலை பெரிது, ஆனால் இன்று படிக்கிறவர்களுக்குக் கேட்பது லூயிஸின் குரல்.

ஆண்டுகளைச் சரிபார்க்கப் பெரியவரின் பழைய குடும்ப அட்டை உதவியது. கப்பலேறும்போது மகனுக்கு இரண்டு வயது என்கிறார் அவர். அட்டைக் கணக்குப்படி நான்கு. அவர் சொன்னதை அப்படியே விட்டு, அட்டையில் உள்ளதை அடிக்குறிப்பில் போட்டோம்.

பேச்சு தடித்தது அவருடைய அக்காவைப் பற்றிய பகுதியில்தான். சொன்னவர் அவரே. படித்துக் காட்டியதும், எடுத்துவிடச் சொன்னார். புத்தகத்திலேயே உருக்கமான பகுதி அது என்று பேத்தி வாதாடினாள். “அவ புள்ளைங்க இருக்காங்கம்மா” என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பகுதியை எடுத்தோம். எனக்குத் தோத்தாராம் சனாத்யா நினைவுக்கு வந்தார். 1893இல் ஒப்பந்தக் கூலியாக ஃபிஜிக்குப் போய், இருபத்தோராண்டு கழித்து ஊர் திரும்பியவர். அவர் சொல்லச் சொல்ல பனாரசிதாஸ் சதுர்வேதி இந்தியில் எழுதிக் கொடுத்த புத்தகம், கூலி முறைக்கு எதிரான கிளர்ச்சிக்குப் பெரும் ஆயுதமானது. ஆனால் தோத்தாராமின் நினைவுகளில் ஒரு பகுதி அன்று அச்சேறாமல் கையெழுத்தாகவே கிடந்து, பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியானது. எழுத உதவுகிறவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். அது நல்ல நோக்கமாகவும் இருக்கும். அதற்கேற்றபடி கத்தரிக்கோல் நகரும். அந்தக் கத்தரிக்கோல் சொல்கிறவர் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் படித்துக் காட்டுவதன் பொருள். எங்கள் புத்தகத்தின் முகப்பில் பெரியவர் பெயர் மட்டும். எங்கள் பெயர்கள் உள்ளே, உதவியவர்கள் என்ற இடத்தில்.

பக்கம் கட்டி முடித்தபோது 124 வந்தது. டெமி அளவு, ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்றால் எட்டு ஃபாரத்துக்கு 128. கடைசி நான்கு பக்கம் காலி. பதிப்பகங்கள் வழக்கமாக அங்கே தங்கள் புத்தகப் பட்டியலைப் போடும். என்ன செய்யலாம் என்று பெரியவரிடம் கேட்டார் கடைக்காரப் பெண்மணி.

“எங்க லயத்து ஆளுங்க பேரைப் போடு” என்றார்.

லயம் என்றால் தோட்டத்து வரிசைக் குடியிருப்பு. வீடு வீடாகச் சொல்ல ஆரம்பித்தார். இவர் கூடலூர், டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை. இவர் கோத்தகிரி. இவர் திருச்சிப் பக்கம், அப்புறம் தெரியாது. இவர் வரவே இல்லை, ஹட்டனிலேயே இருந்துவிட்டார். பேத்தி மறுபடி தெலுங்கில் எழுதிக்கொண்டாள். உயிரோடு இருப்பவர்களிடமும் இறந்தவர்களின் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டே பெயரை அச்சிடுவது என்று முடிவாயிற்று. எண் கிடைத்தவர்களையெல்லாம் அவள் கூப்பிட்டாள். பலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர் தங்கள் தகப்பனார் பெயரின் எழுத்தைத் திருத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், சிலோன் கதை வெளியே வர வேண்டாம் என்று இரண்டு குடும்பத்தார் மறுத்தார்கள். அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டுக் கோப்பைச் சென்னை அச்சகத்துக்கு அனுப்பினோம்.