பயல்பாட்டா: பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரியின் ஊர்

மும்பையிலும் பெங்களூருவிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் நேபாளிக் காவலாளிகளிடம் சொந்த ஊரைக் கேட்டுப் பாருங்கள். 'அச்சாம்' என்று சொல்பவர் நிறையப் பேர். நமக்கு எல்லா நேபாளியும் கூர்க்காதான், ஊர் கேட்கும் வழக்கமில்லை. அச்சாம், நேபாளத்தின் தூர மேற்கு மலை மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். படிக்கட்டு வயல்களின் விளைச்சல் வருஷம் முழுக்கக் காணாது. ஆண்கள் இந்தியாவுக்குப் பிழைக்கப் போவார்கள். அப்படிப் போய்த் திரும்பியவர்கள் சிலரோடு எச்.ஐ.வி.யும் வந்தது. மாவட்டத்தைத் தாண்டியே இராத மனைவிமாரையும் அது பிடித்துக்கொண்டது.

மாவட்டத் தலைநகர் மங்கள்சேன். கீழே ஆற்றோரம் கடைவீதி ஊரான சான்ஃபேபகர். 2002 பிப்ரவரியில், அரசை எதிர்த்து ஆயுதமேந்திய மாவோயிஸ்டுகள் ஒரே இரவில் இரண்டு இடங்களையும் தாக்கினார்கள். போலீசாரும் ராணுவத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சான்ஃபேபகரின் சிறு விமான நிலையம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

இந்தப் பக்கத்து மலைச்சரிவில்தான் பயல்பாட்டா. அரசு எப்போதோ இங்கே ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருந்தது. கட்டியதோடு சரி. டாக்டர் வந்து தங்கவில்லை, கட்டடம் பாழடைந்தது. பிரசவம் சிக்கலானால் பல மணி நேர மலைப்பாதைப் பயணம்தான் வழி.

2008இல் 'நியாயா ஹெல்த்' என்ற அமைப்பு சான்ஃபேபகரில் ஒரு பழைய தானியக் கொட்டகையைச் சுத்தம் செய்து கிளினிக் தொடங்கியது. மறு ஆண்டே சுகாதார அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டு, பூட்டிக் கிடந்த பயல்பாட்டா ஆஸ்பத்திரியைத் திறந்தது. சொத்து அரசுடையதாகவே இருந்தது, சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. தனியாக ஒரு மருத்துவமனை எழுப்பாமல் அரசு ஆஸ்பத்திரியையே கையில் எடுத்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்த முடிவு.

கூட்டம் பெருகப் பழைய கட்டடம் போதவில்லை. நியூயார்க் கட்டடக் கலைஞர் ஷரோன் டேவிஸின் நிறுவனம் வடிவமைத்த புதிய வளாகம் 2019இல் முடிந்தது. மலைப்பாதையில் செங்கல்லையும் சிமெண்டையும் லாரி லாரியாக ஏற்றிக் கட்டுப்படியாகுமா? அங்கேயே தோண்டிய மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, பலகை அடைப்புக்குள் கொட்டி, படை படையாக இடித்து இறுக்கினார்கள். நம்மூரில் திமிசுக்கட்டையால் தரை இடிப்பார்களே, அதையே சுவராக எழுப்பினால் எப்படி இருக்கும், அப்படி. தடித்த மண் சுவர் குளிரில் கதகதப்பைப் பிடித்து வைக்கும். நிலநடுக்க நாடு என்பதால் உள்ளே வலுவூட்டலும் உண்டு. கூரைகளில் சூரியத் தகடுகள்.

வார்டுகளைவிட நான் முக்கியமாக நினைப்பது, அதே வளாகத்தில் ஊழியர்களுக்கென்று கட்டிய வீடுகளை. குடும்பத்தோடு இருக்க இடமில்லாத மலைக்கு எந்த டாக்டர் வருவார், எந்த நர்ஸ் தங்குவார்? முதல் ஆஸ்பத்திரி எழுந்தபோது இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே குடிசையில் படுக்க வைக்கும் 'சௌபடி' வழக்கம் அச்சாமில் ஆழமானது. 2017இல் சட்டம் அதைக் குற்றமாக்கியும் குடிசைகள் எல்லாம் போய்விடவில்லை. இப்படி ஒதுக்கி வைக்கப்படுபவர்கள் தாங்களாக வருவார்கள் என்று காத்திருக்க முடியாது. அதனால் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடு வீடாக நடக்கிறார்கள், கர்ப்பிணி யார், சுகமில்லாத குழந்தை எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு.