எல்லைக்கோட்டை அறியாத வழிகாட்டி

சுவிஸ் நாட்டின் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். தெற்கே, இத்தாலி மொழி பேசும் ரிசினோ மாநிலத்தில், மாஜியோரே ஏரிக்கரையில் லொக்கார்னோ நகரம். மேற்கே, வாலிஸ் மாநிலத்தின் ஜேர்மன் மொழிப் பகுதியில் பிறிக் நகரம். இரண்டுமே சுவிஸ் நகரங்கள்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் பூட்டியிருக்கும் வழிகாட்டிக் கருவியிடம் இந்தப் பயணத்திற்கு வழி கேட்டால், அது உங்களை இத்தாலி ஊடாக அனுப்பக்கூடும். சென்ரோவல்லிப் பள்ளத்தாக்கால் போய், கமேடோ என்ற சிற்றூருக்கு அப்பால் எல்லையைத் தாண்டி, டொமோடொசோலா நகரத்தைத் தொட்டு, சிம்ப்ளோன் கணவாயால் மீண்டும் சுவிசுக்குள் இறக்கிவிடும். அதன் கணக்கில் அதுவே குறுகிய வழி. திரையில் எல்லை என்பது ஒரு மெல்லிய கோடு மாத்திரமே.

எம்மவருக்கு அது வெறும் கோடு அல்ல. 'என்' வகை அட்டையுடன் அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவரும், 'எஃப்' வகை அட்டையுடன் தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் முன்அனுமதி பெறாமல் சுவிசை விட்டு வெளியே போக முடியாது. அகதியாக அங்கீகரிக்கப்பட்டவரும் பயணப் பத்திரத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும். 2008 டிசம்பரில் சுவிஸ் செங்கன் உடன்பாட்டில் இணைந்த பின்னர் எல்லையில் எல்லோரையும் மறித்துப் பார்ப்பதில்லை. ஆனால் சோதனை அடியோடு இல்லாமற் போகவும் இல்லை. பொலிஸார் மறித்தால் "கருவி காட்டிய வழியால் வந்தேன்" என்ற பதில் செல்லாது. காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

சுவிஸ் மண்ணை விட்டு விலகாமலே பிறிக் போகலாம். லொக்கார்னோவிலிருந்து பெல்லின்சோனா, அங்கிருந்து லெவென்ரீனாப் பள்ளத்தாக்கால் ஐரோலோ. விரைவுப் பாதையால் போவதானால் மோட்டார் சைக்கிளுக்கும் 40 பிராங் ஆண்டுக் கட்டணம் உண்டு. கருவியில் 'விரைவுப் பாதையைத் தவிர்' என்று கொடுத்தால் பியாஸ்கா, ஃபைடோ ஊர்களுக்குள்ளால் பழைய வீதியில் போகலாம். ஐரோலோவில் மேற்கே திரும்பினால் பெட்ரெத்தோப் பள்ளத்தாக்கு, அதன் முடிவில் 2478 மீற்றர் உயரமான நூஃபெனன் கணவாய். முழுக்க முழுக்கச் சுவிசுக்குள்ளேயே அமைந்த கணவாய் வீதிகளில் இதுவே மிக உயரமானது. ரிசினோ நதி பிறப்பது இதன் அருகில்தான். ஏறும்போது பெயர்ப்பலகைகள் இத்தாலி மொழியில் இருக்கும். மறுபுறம் உல்றிஹனில் இறங்கும்போது ஜேர்மனுக்கு மாறிவிடும். அங்கிருந்து றோண் நதியோடு சேர்ந்து போனால் பிறிக் வந்துவிடும்.

இந்த வழியைக் கருவி தானாகத் தராவிட்டால், போய்ச் சேரும் இடத்தை மாத்திரம் கொடுக்காமல் ஐரோலோ, நூஃபெனன், உல்றிஹன் மூன்றையும் இடைப்புள்ளிகளாகப் பதியுங்கள். பதிந்த பின்னர் முழுப் பாதையையும் திரையில் சுருக்கிப் பார்த்து, கோடு எங்கேனும் எல்லையைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். நூஃபெனன் குளிர்காலத்தில் மூடப்படும். அதனால் மலையடிவாரப் பலகையையும் பார்க்க வேண்டும். மூடியிருந்தால் கொட்ஹார்ட் சுரங்கத்தால் வடக்கே போய், அந்தர்மத் வழியாக றெயால்ப் சென்று, வாகனத்தை ரயிலில் ஏற்றி ஓபர்வால்டில் இறங்கலாம். அதுவும் சுவிசுக்குள்தான்.

கருவி வாங்கும்போது விலையை மாத்திரம் பார்க்காதீர்கள். ஐபிஎக்ஸ் 7 தரம் என்றால் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மலை மழைக்கு அது போதும். கையுறையோடு தொட்டால் வேலை செய்கிறதா, வெயிலில் திரை தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்லது. கைத்தொலைபேசியே போதும் என்பவர்கள், இயந்திரத்தின் அதிர்வு அதன் கமெராவைப் பழுதாக்கலாம் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்ததை நினைவில் வைக்க வேண்டும். அதிர்வைத் தணிக்கும் பிடியும் கடைகளில் கிடைக்கும்.

வேகக் கண்காணிப்புக் கமெராவை முன்கூட்டிச் சொல்லும் வசதி சுவிசில் சட்டவிரோதம். கருவியைப் பறிப்பதோடு தண்டமும் விதிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பழைய கருவி வாங்கியவர்கள் முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

ஓடும்போது திரையைப் பார்க்காமல் தலைக்கவச ஒலிபெருக்கியில் குரலைக் கேளுங்கள். குரலை ஜேர்மனில் வைத்தால் 'லிங்ஸ்' இடது, 'றெஹ்ட்ஸ்' வலது என்று மொழியும் பழகும். ஊரில் இடப்பக்கம் ஓடிய கைகளுக்குச் சுற்றுவட்டம் இங்கே எதிர்த்திசையில் சுழலும். வலப்பக்கமாக நுழைந்து, அந்தப் பக்கத்திலிருந்தே வெளியேறும் வழிகளை எண்ண வேண்டும். குறைந்தது நான்கு செய்மதிகள் தெரிந்தால்தான் கருவி இடத்தைச் சரியாகக் கணிக்கும். சுரங்கத்துக்குள் அவை எட்டாது. ஆகவே சுரங்கத்துக்கு வெளியே வரும் திருப்பத்தை நுழைய முன்னரே தெரிந்து வைத்திருங்கள்.

கருவி சொல்லாத இன்னொன்று: நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு தெரிந்தால் அது தபால் பேருந்து ஓடும் மலைவீதி. நூஃபெனனிலும் கோடையில் அது ஓடும். ஒடுங்கிய வளைவில் எதிர்ப்பட்டால் அதன் சாரதி காட்டும் சைகைப்படி ஒதுங்க வேண்டும்.

புறப்படும் முன் கடதாசி வரைபடத்தை மேசையில் விரித்து, ஊர்ப்பெயர்களைப் பிள்ளைகளையும் கொண்டு வாசிப்பியுங்கள். எந்த வழியால் போவது என்பதை வீட்டிலேயே நீங்கள் தீர்மானியுங்கள். எங்கே திரும்புவது என்பதை மட்டும் வீதியில் கருவி சொல்லட்டும்.