கெட்டி பை

ஓபியில் நேற்று ஒரு அண்ணன் வந்தார். சின்ன காஞ்சிபுரம், பட்டு நெசவு. நாலு வருஷமா வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ். "சார், முன்ன மாதிரி தண்ணி இறங்க மாட்டேங்குது. கெட்டி பையே எல்லாம் எழுதிக் குடுங்க." கால் ரெண்டும் வீங்கியிருந்தது.

அந்தக் கெட்டி பையைப் பழக்கியதே நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி இதே வீக்கத்தோடு வந்தப்போ, உப்பு எவ்வளவு சாப்பிடுறீங்கன்னு கேட்காம 4.25 எழுதிட்டேன். அதனால்தான் இந்த த்ரெட்.

தினமும் மூணு நாலு முறை 2 லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வடிக்கிறோம். உள்ளே இருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வுதான் வடிகட்டி. தண்ணீரை இழுப்பது திரவத்தில் உள்ள சர்க்கரை: 1.5, 2.5, 4.25 சதவீதம். கூடக்கூட இழுப்பும் கூடும்.

சவ்வின் மேல் மீசோதீலியல் செல்கள், ஒரே ஒரு வரிசை. இருப்பதிலேயே லேசான பையில்கூட இரத்தத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் சர்க்கரை. சூடாக்கிக் கிருமி நீக்கும்போது அந்தச் சர்க்கரை சிதைந்து வரும் பொருட்கள் வேறு. வழக்கமான பைகளில் அமிலத்தன்மையும் உண்டு. வருஷக்கணக்கில் இதில் ஊறினால் செல்கள் உதிரும். சில, குணம் மாறித் தழும்பு உண்டாக்கும் செல்களாகும். நோயாளிகளின் வயிற்றிலிருந்து வடித்த திரவத்தில் இருந்த செல்களிலேயே இதை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2003-ல் காட்டினார்கள்.

சவ்வு தடிக்கும், புது ரத்தக்குழாய்கள் முளைக்கும். அப்புறம் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்துக்குள் போயிடும், இழுப்பு போச்சு. உடனே இன்னும் கெட்டி பை. அது இன்னும் கெடுக்கும். அடிக்கடி வரும் வயிற்றுத் தொற்றும் இதே வேலையைச் செய்யும்.

அண்ணன் கேட்டார்: "பட்டு நூலைப் பசை போக சோடாவுல வேக வைப்போமே, அதிகமாப் போட்டா நூல் செத்துடும். அப்படியா சார்?" கிட்டத்தட்ட அப்படித்தான்ணே.

பயந்து யாரும் நிறுத்திடாதீங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பை வீட்டுக்கே வருது. தறியை விட்டுட்டு வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை பேரால் முடியும்? சர்க்கரைக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் உள்ள பை, கலக்கும்வரை சர்க்கரையைத் தனியே வைக்கும் இரட்டை அறைப் பை எல்லாம் இருக்கு. விலைதான் இடிக்குது.

சவ்வைச் சோதிக்க சென்னைக்கு ரெஃபர் எழுதினேன். இந்த முறை சாப்பாட்டையும் கேட்டேன். தினமும் கஞ்சிக்கு ஊறுகாய், மத்தியானம் உப்பு போட்ட மோர். "ஜாடியை இன்னைக்கே அக்கா வீட்டுல குடுத்துடறேன் சார்" என்றார் அவர் மனைவி. அண்ணன் முகத்தைப் பார்க்கணுமே.